இன்னும் தொடங்காத வசதி

அண்ணிக்கு நாற்காலியில் உட்காரத் தெரியாது. பதினொரு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றே பழகிய உடம்பு. நர்ஸ் வேலையை விட்டு, கம்பெனி ஆரம்பித்து, "நிறுவனர்" என்று அட்டையெல்லாம் அடித்த பிறகும் அந்தக் கால்கள் அடங்கவில்லை. நின்றுகொண்டே டீ, நடந்துகொண்டே போன், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நூறு நடை. "அண்ணி, கொஞ்சம் உக்காருங்களேன், பாக்கற எனக்கே தலை சுத்துது" என்பாள் நாத்தனார். அண்ணி உட்காருவாள். இரண்டு நிமிடம் தாங்கினால் அதிசயம்.

நாத்தனார் என்றால் புருஷனின் தங்கை. ஆப் எழுதுவது, பழுது பார்ப்பது, படம் போடுவது எல்லாம் அவள்தான். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தபோது சொந்தபந்தம் மொத்தமும் சிரித்தது. "ஒரே அடுப்பில ரெண்டு பேரும் சமைச்சாலே ஆறு மாசம் தாங்காது, இதுல கம்பெனி வேறயா?" என்று கேட்ட சித்தப்பாவுக்குப் பதில் சொல்வதற்காகவே ஒன்றரை வருடம் சண்டை போடாமல் ஓட்டினார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

கம்பெனியின் வேலை இதுதான். வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துக்கொண்டு, கடைக்குக்கூடப் போக முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் முந்தின நாளே ஆப்பில் சொல்லிவைத்தால், நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒரு துணையாள் மறுநாள் வந்து நாலு மணி நேரம் கூட இருப்பார். அண்ணி பயிற்சி கொடுத்த ஆறு துணையாட்கள் இருந்தார்கள். நல்ல வேலை, நல்ல பெயர். ஆனால் வாரத்துக்குப் பத்து வீடுகளைத் தாண்டி வளரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

வளரவைக்க நாத்தனாரிடம் ஒரு வழி இருந்தது. கம்பெனி கட்டி ஜெயித்தவர்களின் பேச்சுகளைக் கேட்பாள். பல் தேய்க்கும்போது கேட்பாள், பஸ்ஸில் கேட்பாள், சாப்பிடும்போது ஒரு காதில் கேட்பாள். கேட்டதைச் சீட்டில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டுவாள். ஒரு வாரம் ஒரு மகானுபாவர், ஒரே வேலையைப் பிடித்துக்கொள், மற்றதை வெட்டு என்றார். இரண்டு சேவைகளை வெட்டினார்கள். அடுத்த வாரம் இன்னொருவர், ஒரே வேலையில் சிக்கிக்கொள்ளாதே என்றார்; வெட்டியதை ஒட்டினார்கள். ஒருவர் தன் வீட்டை விற்றுக் கம்பெனியைக் காப்பாற்றிய கதையை நாத்தனார் கண்கலங்கச் சொன்னாள். "அவர் வித்தது மாமனார் வீடாம்டி, நேத்து நீதானே சொன்னே" என்றாள் அண்ணி. நாத்தனார் அந்தச் சீட்டை மட்டும் சுவரிலிருந்து பிய்த்தெடுத்தாள்.

எல்லாச் சீட்டுகளையும்விடப் பெரிய சீட்டு ஒருவர் வாயிலிருந்து வந்தது. அவர்கள் இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடி முழுக்கப் புதுக் கம்பெனிகளுக்கு ஆறு மாதத்துக்கு இலவசம். அதை நடத்துபவர், "நான் மூணு கம்பெனி கட்டினவன்மா" என்றுதான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பார். மூணு கம்பெனிக்காரர் என்றே அவருக்குப் பெயர் ஆகிவிட்டது. அவர் சொன்னார்: "எதையும் கட்டறதுக்கு முன்னாடி ஒரு பட்டனை மட்டும் வையுங்க. பின்னாடி ஒண்ணும் வேண்டாம். எத்தனை தடவை அழுத்தறாங்கன்னு எண்ணுங்க. முன்னூறு வந்தா வியாழக்கிழமை தேர்வுக் குழு முன்னாடி நானே உங்களை நிறுத்தறேன். குழு சரின்னா இன்னும் ஒரு வருஷம் இடமும் முதலீடும். இல்லேன்னா சனிக்கிழமை ரூமைக் காலி பண்ணிடுங்க."

ஆக, விஷயம் வாழ்வா சாவா என்றாகிவிட்டது. ரூம் போனால் கம்பெனி போகும். கம்பெனி போனால் ஆறு துணையாட்களுக்கு வேலை போகும். சித்தப்பா சிரிப்பார் என்பது கடைசிக் கவலைதான். ஆனால் அதுவும் இருந்தது.

நாத்தனார் ஒரே மதியத்தில் ஆப்பில் சிவப்பாக ஒரு பட்டன் வைத்தாள். 'இப்போதே ஆள் வேண்டும்' என்று அதில் எழுதியிருந்தது. அழுத்தினால், 'இந்த வசதி இன்னும் தொடங்கவில்லை. ஆர்வத்துக்கு நன்றி' என்று ஒரு வரி மூன்று விநாடி வந்து மறையும். அவ்வளவுதான்.

"இல்லாததை இருக்குன்னு காட்டறது பொய்தானே?" என்றாள் அண்ணி.

"பொய் இல்ல அண்ணி, சோதனை. உலகத்துல எல்லாப் பெரிய ஆளுங்களும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்காங்க."

பெரிய ஆட்கள் என்றதும் அண்ணி வாயை மூடிக்கொண்டாள். வார்டில் பெரிய டாக்டர் சொன்னால் மூடிக்கொண்ட அதே வாய்.

வெற்றி ஒவ்வொன்றையும் மணி அடித்துக் கொண்டாடு என்று வேறொரு நிபுணர் சொல்லியிருந்தார். அதனால் யாராவது பட்டனை அழுத்தினால் ஆபீஸ் ஸ்பீக்கரில் டிங் என்று ஒரு ஒலி வரும்படி நாத்தனார் வைத்தாள். டிங் வந்தால் இருவரும் கை தட்ட வேண்டும். முதல் நாள் அண்ணிக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. நாலாம் நாள், அறைக்குள் வந்த தபால்காரர்கூடக் கை தட்டினார்.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு டிங், டிங், டிங் என்று பத்துப் பன்னிரண்டு முறை விடாமல் அடித்தது. நாத்தனார் திரையைப் பார்த்துக் கத்தினாள். "முன்னூத்தி நாலு! அண்ணி, தாண்டிட்டோம்!" அண்ணியைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. கை வலிக்கத் தட்டினாள். டிங் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது.

அடித்துக்கொண்டே இருந்ததுதான் அவளை உறுத்தியது. மணி விடாமல் அடித்தால் யார் என்று பார்க்காமல் இருக்க முடியாத பழக்கம் அவளுக்கு வார்டிலிருந்து வந்தது. "யாரு அழுத்தறாங்க? பட்டியலைக் காட்டு" என்றாள்.

"இப்ப எதுக்கு? நம்பர் வந்தாச்சு, ஸ்லைடு போடணும், தலைக்கு மேல வேலை கிடக்கு."

"காட்டுன்னு சொல்றேன்ல."

நாத்தனார் முணுமுணுத்தபடி பட்டியலைத் திறந்தாள். முன்னூற்று நாலில் நூற்று எழுபத்தொன்று ஒரே வீட்டிலிருந்து வந்திருந்தது. ஞாயிறு தவிர எல்லா நாளும். பத்து நாற்பதுக்கு ஆரம்பித்து, பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும்.

"ஏதாவது குழந்தை விளையாடுதா இருக்கும்" என்றாள் நாத்தனார். முகத்தில் ஈயாடவில்லை. "இல்லேன்னா போன் கோளாறு. அண்ணி, எண்ணிக்கை எண்ணிக்கைதான். நாளைக்கு ஒரு நாள் பேசாம இருங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"குழந்தை தினம் பத்து நாப்பதுக்கு அலாரம் வெச்சா விளையாடும்?" அண்ணி கைப்பையை எடுத்தாள். அந்த முகவரி அவளுக்குத் தெரியும். கிடங்கு ஒன்றில் காவலாளியாக இருப்பவரின் வீடு. மனைவிக்குப் பக்கவாதம், வலது கையும் கண்ணும் தவிர எதுவும் அசையாது, பேச்சும் போய்விட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு துணையாள் போவார். பஸ் பிடித்தால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அண்ணி பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள், பாதி இருக்கைகள் காலியாக இருந்தும்.

இரண்டாம் மாடி. கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் தையல் மிஷின் ஓடும் சத்தம். தையல்காரம்மா வெளியே வந்து, அண்ணியின் அட்டையைப் பார்த்துவிட்டு, "சாவி எங்கிட்டதான் இருக்கு. ஆனா இந்த மிஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்காதும்மா. அவங்களும் கூப்பிட முடியாதே" என்று சொல்லிக்கொண்டே திறந்துவிட்டாள்.

உள்ளே போன அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டில் ஜன்னலோரம் இருந்தது. எதிரே புதிதாக எழுந்த கட்டடத்தின் மேலிருந்து கீழ்வரை கண்ணாடி, பதித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதில் பட்ட வெயில் அப்படியே திரும்பி இந்த ஜன்னல் வழியாகக் கட்டில்காரம்மாவின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தாள். மூடிய கண்களிலிருந்து தண்ணீர் காதுவரை வழிந்திருந்தது. ஒரு பக்கக் கன்னம் சிவந்து தோல் உரிந்திருந்தது. கழுத்தைத் திருப்ப முடியாது. வலது கைக்குப் பக்கத்தில் ஒரு பழைய போன் கட்டில் கம்பியில் கட்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டே அந்த விரல் தடவித் தடவி அழுத்திக்கொண்டிருந்தது.

பதினொரு வருடம் மணி அடித்தால் ஓடியவள் அண்ணி. சோற்றுக் கையோடு ஓடியிருக்கிறாள், ஒற்றைச் செருப்போடு ஓடியிருக்கிறாள். ஒன்பது நாளாக இந்த விரல் அடித்த மணிக்கு அவள் கை தட்டியிருக்கிறாள். செத்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

ஓடிப்போய் ஜன்னல் திரையை இழுத்தாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். திரையை மூடினால் அறை குகையாக இருண்டது. அதனால் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகக் கட்டிலை இழுத்துத் திருப்பிப் போட்டார்கள். இப்போது வெளிச்சம் தலைக்குப் பின்னாலிருந்து வந்தது, முகத்தில் படவில்லை. ஐந்து நிமிட வேலை. ஐந்து நிமிடம்! கட்டில்காரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

தையல்காரம்மா போனில் சொல்லி, காவலாளி பதறியடித்து வந்து சேர்ந்தார். மனைவி பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள் என்று கேட்டதும் முதலில் அவருக்குப் புரியவில்லை. "அந்தச் சிவப்பு பட்டன் வந்ததிலேருந்து நான் நிம்மதியா வேலை பாக்கறேன் மேடம். முன்னெல்லாம் பதினோரு மணி இடைவேளைக்கு ஓடி வந்து பாத்துட்டு ஓடுவேன். ஏதாச்சும்னா இதைத் தொடு, உடனே ஆள் வருவாங்கன்னு இவகிட்ட சொல்லிட்டுப் போயிடறேன்."

சொல்லாமல் போய்விடலாம். நாளை குழு முடியட்டும், அப்புறம் சொல்லலாம். ஒரு நொடி அண்ணி அப்படித்தான் நினைத்தாள். இல்லை என்று சொன்னால் பொய்.

"அந்தப் பட்டன் பொய்ங்க" என்றாள். "அழுத்தினா யாரும் வரமாட்டாங்க. எத்தனை பேருக்கு வேணும்னு எண்ணிப் பாக்கறதுக்காக வெச்சோம்."

அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவர் மனைவியின் கன்னத்தைப் பார்த்தார். "காலைல திரையை நான்தான் ஒதுக்கி வெச்சிட்டுப் போவேன்" என்றார். "சாயந்தரம் வந்து பாத்தா கன்னம் சிவந்திருக்கும். புழுக்கம்னு நெனச்சேன். விசிறி வாங்கி வெச்சேன்."

ஆபீஸுக்குத் திரும்பிய அண்ணி ருத்ர தாண்டவம் ஆடினாள். நாத்தனார் கேட்டுக்கொண்டே இருந்தாள். கன்னம் உரிந்த கதை வந்தபோது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்து போய் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினாள்.

"பட்டனை எல்லாருக்கும் எடுத்துடு" என்றாள் அண்ணி. "அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இருக்கட்டும். அழுத்தினா என் போன் அடிக்கணும்."

"ஒரே ஒரு வீட்டுக்காகப் புரோகிராம் எழுதறதா? அதைச் செய்யவே கூடாதுன்னு எத்தனை பேர் சொல்லியிருக்காங்க தெரியுமா அண்ணி?"

"சொன்னவங்களை அந்தக் கட்டில்ல ஒரு நாள் படுத்துப் பாக்கச் சொல்லு."

நாத்தனார் எழுதினாள். சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டாள். இனி அழுத்தினால் தானே வருவதாக அண்ணி காவலாளிக்குப் போன் போட்டுச் சொன்னாள். ஸ்லைடில் இருந்த முன்னூற்று நாலையும் அவளே அழித்து, நூற்று முப்பத்து மூன்று என்று மாற்றினாள். மாற்றிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அண்ணி முதுகைத் தடவிக்கொடுத்தாள். ரூம் போனது போனதுதான் என்று இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

ஆனால் வியாழக்கிழமை காலை மூணு கம்பெனிக்காரரிடம் நடந்ததைச் சொன்னபோது, மனுஷர் துள்ளிக் குதித்தார். "அடடா! இதை ஏம்மா மறைக்கறீங்க? ஒரே வாடிக்கையாளர் நூத்தி எழுபத்தொரு தடவை அழுத்தியிருக்காங்க! இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேணும்? முதல் ஸ்லைடே அந்தம்மா முகம்தான். குழுவே உருகிடும். நீங்க நர்ஸ், நீங்கதான் சொல்லணும். போட்டோ இருக்கா?"

"இல்ல சார்" என்றாள் அண்ணி.

"சரி, வாயால சொல்லுங்க. போதும்."

பதினொரு மணிக்கு அவர்கள் முறை. குழு அறைக்கு வெளியே நீள பெஞ்சில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அண்ணி வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தாள். சொல்லலாமா? சொன்னால் ரூம் நிலைக்கும், ஆறு பேர் வேலை நிலைக்கும். ஆனால் அந்தக் கன்னத்தைக் காட்டிக் கை நீட்டுவதா? சொல்லாவிட்டால் மட்டும் கட்டில்காரம்மாவுக்கு என்ன லாபம்? மனசு ஒரு நிலையில் இல்லை. பத்து ஐம்பதுக்கு அவள் போன் ஒருமுறை அதிர்ந்தது. திரையில் அந்த வீட்டு எண்.

அடுத்த அதிர்வுக்காக அவள் காத்திருந்தாள். வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நேற்றுவரை ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்திய விரல், இன்று ஒரு முறையோடு நிறுத்திவிட்டது.

இதன் அர்த்தம் அண்ணிக்குத் தெரியும். வார்டுக்குப் புதிதாக வருபவர்கள் மணியை விடாமல் அடிப்பார்கள். நாலு நாள் போன பிறகு ஒரே ஒரு முறை அடித்துவிட்டுப் படுத்திருப்பார்கள். ஆள் வரும் என்று நம்பிக்கை வந்தவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

"நான் போறேன்" என்றாள்.

நாத்தனார் அவளைப் பார்த்தாள், மூடியிருந்த கதவைப் பார்த்தாள். "கட்டிலைத்தான் திருப்பிப் போட்டுட்டீங்களே, அப்புறம் எதுக்குக் கூப்பிடறாங்க?"

"தெரியலை. அதுக்குத்தான் போகணும்."

கதவு திறந்து மூணு கம்பெனிக்காரர் எட்டிப் பார்த்தார். படியிறங்கும் அண்ணியைக் கண்டு வெளியே ஓடி வந்தார். "எங்கேம்மா போறீங்க? உள்ளே ஆறு பேர் காத்துக்கிட்டிருக்காங்க! நாளைக்கு ஆயிரம் பேர் அழுத்தினா ஆயிரம் வீட்டுக்கும் நீங்களே ஓடுவீங்களா?"

"நாளைக்கு வர்றதை நாளைக்குப் பாத்துக்கலாம் சார். இன்னிக்கு ஒருத்தங்கதான் அழுத்தியிருக்காங்க."

"நீங்க போங்க அண்ணி, நான் பேசிக்கறேன்" என்று எழுந்தாள் நாத்தனார். நாலு பேர் முன்னால் வாயே திறக்காதவள். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் உள்ளே போனதை அண்ணி திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

வீட்டில் வெயில் இல்லை. கட்டில்காரம்மா சுத்தமாக, உலர்வாக, சௌகரியமாகப் படுத்திருந்தாள். தலையணை சரியாக இருந்தது. தண்ணீர் கொடுத்தாள், வேண்டாம் என்று கண்ணை மூடித் திறந்தாள். காலைப் பிடித்துவிட்டாள், அதுவும் இல்லை. "என்னம்மா வேணும்? வலிக்குதா? குளிருதா?" அண்ணி அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் கட்டிலருகே மண்டிபோட்டு, கட்டில்காரம்மாவின் முகத்தோடு முகம் வைத்து, அவள் பார்க்கும் திசையில் பார்த்தாள்.

சுவர். வெறும் சுவர். வெள்ளையடித்த சுவரில் ஒரு ஆணிகூட இல்லை.

விரல் மெல்ல உயர்ந்து பின்பக்கமாக வளைந்து ஜன்னலைக் காட்டியது. தெரு அங்கே இருந்தது. போகிறவர்கள், வருகிறவர்கள், ஹாரன், சண்டை, எதிர்மாடியில் துணி காயப்போடும் பெண், எல்லாம் அங்கே இருந்தன. காவலாளி தினமும் திரையை ஒதுக்கிவைத்துவிட்டுப் போனது இதற்காகத்தானே! ஒன்பது நாள் அந்த வெயிலோடும் இந்தம்மா ஜன்னலை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரம் திரையை இழுத்துவிட ஆள் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். அண்ணியோ ஒரு வார்த்தை கேட்காமல், பெரிய உபகாரி மாதிரி, உலகத்தையே அவள் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பொய்ப் பட்டன்கூட இவ்வளவு செய்யவில்லை.

தையல்காரம்மாவோடு சேர்ந்து கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டாள். தெரு வந்ததும் கட்டில்காரம்மாவின் கண்கள் பரபரவென்று ஓடின. எதிர்க் கண்ணாடியின் வெயிலும் கூடவே வந்தது. அண்ணி திரையை நோக்கிக் கையை நீட்டி, நடுவில் நிறுத்திக்கொண்டாள்.

"தடிச்ச நூல் இருக்காக்கா? நல்ல உறுதியா?"

தையல்காரம்மா ஒரு கண்டு நூலே கொண்டுவந்தாள். முறுக்கிக் கயிறாக்கி, திரை வளையத்தில் கட்டி, கம்பிக்கு மேலே சுற்றி, இரண்டு நுனிகளையும் கட்டில்காரம்மாவின் வலது கைக்குள் வைத்தாள் அண்ணி. ஒன்றை இழுத்தால் மூடும், மற்றதை இழுத்தால் திறக்கும். விரல்கள் தடுமாறின. முதல் தடவை நழுவியது. மூன்றாம் தடவை திரை சர்ரென்று மூடியது. கட்டில்காரம்மா கொஞ்ச நேரம் அந்த இருட்டில் கிடந்தாள். பிறகு திறந்தாள். மூடினாள். திறந்தாள். தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று அண்ணிக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது.

அப்போது போன் அடித்தது. நாத்தனார். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "அண்ணி, எல்லாத்தையும் சொல்லிட்டேன், மணி அடிச்சுக் கை தட்டினது உள்பட. குழுத் தலைவரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. அந்தம்மாவுக்கு உண்மையில என்னதான் வேணுமாம்? நீங்க அவங்களைக் கேட்டீங்களான்னு கேக்கறாங்க. என்ன சொல்ல?"

அண்ணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். திரை மறுபடி மூடியது, திறந்தது.

"உண்மையைச் சொல்லு" என்றாள். "ஒண்ணரை வருஷமா ஒருத்தரையும் கேக்கலை. இப்பத்தான் கேட்டேன்னு சொல்லு."